நெகிழியும் செயற்கை இழையும்: கரியமில வாயுவைக் குறைக்கும் வழி

நெகிழியால் உலகில் வெளியேறும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு, அப்பொருள் நம் கைக்கு வருமுன்பே வெளியேறிவிடுகிறது. கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாப்தாவை 800 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, நெகிழியின் மூலப்பொருளான எத்திலீனாக உடைக்கும் உலைகள் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. ஆகவே, பொருளை எந்தக் குப்பைத் தொட்டியில் போடுவது என்பதை விட, அதை வாங்கத்தான் வேண்டுமா என்பதையே முதலில் தீர்மானியுங்கள்.

வைத்திருப்பதை நெடுநாள் பயன்படுத்துங்கள். தோள்பட்டைத் தையல் பிரிந்த பாலியெஸ்டர் சட்டையைத் தைத்து, இரண்டாண்டு உழைத்திருக்க வேண்டியதை நான்காண்டு அணிந்தால், அதைத் தயாரித்ததன் சுமை ஆண்டுக்குப் பாதியாகிறது. நைலானில் கூடுதல் கவனம் தேவை. நைலான் 66 என்ற நைலான் வகைக்கு மூலப்பொருளான அடிப்பிக் அமிலத்தைத் தயாரிக்கும்போது உண்டாகும் நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு வெப்பத்தைச் சிறைப்படுத்தக்கூடியது. இவ்வாயுவைச் சிதைக்கும் கருவிகள் எல்லா ஆலைகளிலும் இருந்தாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

மறுசுழற்சிக்குக் கொடுக்கும்போது, பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1 என்றால் தண்ணீர் பாட்டில்கள் செய்யப்படும் பெட் (PET), 2 என்றால் அடர் பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன். மீதமுள்ள திரவத்தைக் கொட்டி, ஒருமுறை அலசி, சுற்றியுள்ள மேலுறையைக் கிழித்தெடுங்கள். ஆலையில் துண்டுகளைத் தண்ணீரில் போட்டால் மூடி மிதக்கும், பெட் மூழ்கும். அதனால் மூடியைப் பிரிப்பது எளிது. ஆனால் மேலுறை பிவிசியாக இருந்தால் அதுவும் பெட்டோடு சேர்ந்து மூழ்கி, பிறகு உருக்கும்போது அந்தத் தொகுதியையே கெடுத்துவிடும். மக்கும் நெகிழி என விற்கப்படும் பிஎல்ஏவையும் பெட்டோடு கலக்காதீர்கள். அது மக்குவதற்கு ஏறக்குறைய 60 டிகிரி வெப்பம் நிலைக்கும் உரக்கூடம் வேண்டும், வீட்டுத் தோட்டக் குழி போதாது.

எக்காரணம் கொண்டும் எரிக்காதீர்கள். ஒரு கிலோ பாலிஎத்திலீன் முழுமையாக எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயு உண்டாகும். திறந்தவெளியில் எரித்தாலோ நச்சுப் புகையும் கரித்துகளும் சேர்ந்து கிளம்பும். மறுசுழற்சிக்கு ஏற்காத நெகிழியை முறையாகப் பராமரிக்கப்படும் குப்பைக் கிடங்குக்கு அனுப்புங்கள். நெகிழி அங்கே எளிதில் சிதையாது என்பதால், அதிலுள்ள கரிமத்தின் பெரும்பகுதி காற்றில் கலக்காமல் மண்ணுக்குள்ளேயே கிடக்கும்.