வீட்டில் ஆக்சிஜன் வைத்துப் பார்த்துக்கொள்கிறீர்களா?

ஆஸ்பத்திரியிலிருந்து ஆளை ஆக்சிஜனோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றால், கான்சென்ட்ரேட்டர் (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கரண்ட் மிஷின்) வாடகை எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்னால், கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசியுங்கள். இன்வெர்ட்டர் அந்த மிஷினைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், ஆனாலும் பக்கத்தில் ஒரு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் இருப்பதுதான் நிம்மதி. நிரம்பிய சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால் 12 மணி நேரம் வரும். வால்வைத் திறக்கும் சாவியைச் சிலிண்டரிலேயே கட்டி வையுங்கள். மாமனாருக்காக ராத்திரி இரண்டு மணிக்கு நாங்கள் அலமாரி அலமாரியாகத் தேடியது போதும்.

அப்புறம், சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, எவ்வளவில் நிற்க வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 88 முதல் 92 சதவீதம் வரை என்றுதான் சொல்வார்கள். 98 வரட்டுமே என்று நாமாக ஃப்ளோவைக் கூட்டினால் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

பூஜை விளக்கு, ஊதுவத்தி, பீடி எதுவும் அந்த அறையில் கூடாது. கான்சென்ட்ரேட்டர் ஃபில்டரைக் கழுவினால் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.