நீள்வட்ட கேலக்ஸிகளின் அடிப்படைத் தளத்தை வீட்டுக் கணினியில் வரைவது எப்படி?

1976-இல் வானியலாளர்கள் ஃபேபரும் ஜாக்சனும், நீள்வட்ட கேலக்ஸியின் ஒளி அதன் திசைவேகப் பரவலின் (உள்ளிருக்கும் விண்மீன்களின் வேகங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) ஏறக்குறைய நான்காம் அடுக்கில் ஏறுவதைக் காட்டினார்கள். பெரிய கேலக்ஸி என்றால் மங்கலான பரப்பு என்பது அடுத்த ஆண்டு கோர்மெண்டி சொன்னது. 1987-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஆரம், பரவல், பரப்பு ஒளிர்வு மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, புள்ளிகள் ஒரே தளத்தில் படிந்தன. அந்தத் தளத்தைத்தான் வரையப்போகிறோம்.

1. ஸ்லோன் வானாய்வின் (SDSS) தரவுத்தளத்திலிருந்து டி வோகுலர் ஆரம் (கேலக்ஸியின் பாதி ஒளி அடங்கும் ஆரம்), அச்சு விகிதம் (குட்டை அச்சு ÷ நெட்டை அச்சு), ஒளியெண் (சிறிதாக இருந்தால் பிரகாசம் அதிகம்), செம்பெயர்ச்சி (தூரத்தைக் காட்டும் அளவு), திசைவேகப் பரவல் ஆகியவற்றை இறக்குங்கள். ஒளியெண்ணில் நம் பால்வீதித் தூசியின் மறைப்பைக் கழித்துவிடுங்கள். பரவல் 70 கிமீ/நொடிக்குக் கீழே இருந்தால் தூக்கிப் போடுங்கள். கருவியின் பிரிதிறன் அதற்குக் கீழே நம்பும்படி இல்லை.

2. ஆரத்தை அச்சு விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். 4 வில்நொடி (ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு ஒரு வில்நொடி), விகிதம் 0.8 என்றால் 3.58. செம்பெயர்ச்சி 0.05-இல் ஒரு வில்நொடி சுமார் 1 கிலோபார்செக் (ஏறத்தாழ 3,260 ஒளியாண்டு), ஆக 3.6 கிலோபார்செக். பைத்தானின் வானியல் நூலகமான ஆஸ்ட்ரோபை (astropy) இந்த அளவை வில்நிமிடத்துக்குத்தான் தரும், 60-ஆல் வகுக்க மறக்காதீர்கள்.

3. பரப்பு ஒளிர்வு (மடக்கைகள் எல்லாம் 10 அடிமானம்): ஒளியெண்ணோடு 2.5 × மடக்கை(2π × வில்நொடி ஆரத்தின் வர்க்கம்) கூட்டி, 10 × மடக்கை(1 + செம்பெயர்ச்சி) கழியுங்கள். ஒளியெண் 15 என்றால் மேலே எடுத்த கேலக்ஸிக்கு 19.55 வரும். இதை −0.4-ஆல் பெருக்கினால் ஒளிச்செறிவின் மடக்கை.

4. இனி தளத்தைப் பொருத்த வேண்டும்: ஆரம், பரவலின் ஓர் அடுக்கும் ஒளிச்செறிவின் ஓர் அடுக்கும் பெருக்கிய அளவில் மாறுகிறது; மூன்றின் மடக்கைகளையும் எடுத்தால் அது ஒரு தளம், அந்த இரண்டு அடுக்குகளைத்தான் தேடுகிறோம். வேலையே இங்கேதான். சாதாரண குறைந்த வர்க்கப் பொருத்தம் ஆரத்தில் உள்ள விலகலை மட்டும் குறைக்கும். பரவலின் அடுக்கு 1.2 பக்கம் வந்து நிற்கும். தளத்துக்குச் செங்குத்தான விலகலைக் குறைத்தால் அதே தரவு 1.5 பக்கம் போகும். பெர்னார்டி குழு 2003-இல் ஏறத்தாழ 9,000 கேலக்ஸிகளை வைத்து, செங்குத்துப் பொருத்தத்தில் 1.49 என்றது, ஒளிச்செறிவின் அடுக்கு −0.75. நிரலில் பிழை தேடி ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு கேள்விக்கு இரண்டு பதில், அவ்வளவுதான். கேலக்ஸியின் தூரத்தைக் கணிக்கவா? முதலாவது. இயற்பியல் பேசவா? இரண்டாவது, பைத்தானின் கணித நூலகமான சைபையின் (scipy) செங்குத்துத் தொலைவுப் பொருத்தம் போதும்.

எல்லா நீள்வட்டங்களும் ஒரே அமைப்பு, ஒரே நிறை-ஒளி விகிதம் என்றால் வீரியல் தேற்றப்படி (ஈர்ப்பும் விண்மீன்களின் அசைவும் சமநிலையில் இருப்பதைச் சொல்வது) பரவலின் அடுக்கு 2, ஒளிச்செறிவின் அடுக்கு −1 வர வேண்டும். எந்த வழியில் பொருத்தினாலும் அது வருவதில்லை. நிறை கூடக் கூட நிறை-ஒளி விகிதமும் ஏறுவது தளம் இப்படிச் சாய்ந்து விலகுவதற்கு முக்கியக் காரணம்.

படத்துக்கு அட்டவணைத் தரவை வரையும் டாப்கேட் (TOPCAT) மென்பொருள்தான் என் தேர்வு: முப்பரிமாணத்தில் சுழற்றிக்கொண்டே போனால் ஒரு கோணத்தில் கூட்டம் சட்டென்று கோடாக ஒல்லியாகிவிடும். எக்செல்லில் இதெல்லாம் ஆகாத காரியம்.

பின்சேர்க்கை: கோடு தடித்து, சிதறல் அதிகமாக வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் சுருள் கேலக்ஸிகள் உள்ளே புகுந்திருக்கும்; டி வோகுலர் பங்கு (நீள்வட்டத்துக்குரிய ஒளிப்பரவலோடு பொருந்தும் பகுதி; ஸ்லோனில் fracDeV) 0.8-க்கு மேல் உள்ளவற்றை மட்டும் வைத்துப் பாருங்கள். அப்புறம், ஸ்லோனின் பழைய ஒளியிழை 3 வில்நொடி விட்டத்தில் உள்ள ஒளியை மட்டுமே பிடிக்கிறது. அருகிலுள்ள கேலக்ஸியில் அது மையம் மட்டும், தொலைவில் உள்ளதில் வெளிப்பகுதியும் சேர்ந்துவிடும். அதனால் எல்லாப் பரவல்களையும் பாதி ஒளி ஆரத்தின் எட்டில் ஒரு பங்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: 1.5 வில்நொடியை (இழையின் ஆரம்) அந்த எட்டில் ஒரு பங்கு ஆரத்தால் வகுத்து, 0.04-ஆம் அடுக்குக்கு உயர்த்திப் பரவலோடு பெருக்கினால் போதும். மேலே எடுத்த கேலக்ஸிக்கு இது பரவலைச் சுமார் 5 விழுக்காடு ஏற்றிவிடும்.