சபையாக உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் 2023 டிசம்பரில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் வாலிபர்கள் உதவி வேலைக்கு ஆர்வமாக வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் நாங்கள் முன்பு செய்த கோளாறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். ரசீது, வரவு செலவுக் கணக்கு பற்றியெல்லாம் கமிட்டியே சொல்லிவிடும். மற்றதைச் சொல்கிறேன்.

சங்கக் காணிக்கை நோட்டைப் பார்த்துப் பட்டியல் எழுதுவது

இதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். சங்கக் காணிக்கை என்பது சபையார் கோயிலுக்குக் கட்டும் சந்தா. உதவி என்றதும் பீரோவைத் திறந்து அந்த நோட்டை எடுப்பார்கள். பெயரும் தெருவும் வரிசையாக இருக்கும். அரை மணி நேரத்தில் பட்டியல் தயார். ஆனால் கையில் காசு வற்றுகிற வீடு முதலில் நிறுத்துவது சங்கக் காணிக்கையைத்தான். பாக்கி ஏறினால் கோயிலுக்கு வரக் கூச்சம், அப்புறம் பெயரே விட்டுப்போகும். நோட்டில் தவறாமல் இருப்பவை மாதச் சம்பள வீடுகள்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த வெள்ளத்தின்போது, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இப்படித்தான் நடந்தது. வாத்தியார் வீட்டுக்குப் போன அரிசிப் பை பொங்கல் வரை கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. அதே தெருக் கடைசியில் பீடி சுற்றும் ஒரு அம்மா, நனைந்து கறுத்த இலையைத் திண்ணையில் விரித்துக்கொண்டிருந்தார். புகையிலைத் தூள் மொத்தமும் சகதி. இரண்டுக்கும், அவற்றைக் கொடுத்த பீடிக்கடையில் அவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். கோயிலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். "ரெண்டு வருசமா சங்கம் கட்டலியே அண்ணாச்சி, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து நிக்க?" என்றார்.

அடுத்த வீடு இந்துக் குடும்பம்; எந்த நோட்டிலும் வர வழியில்லை. தண்ணீர் நின்ற கோடு இரண்டு வீட்டுச் சுவரிலும் ஒரே உயரத்தில் இருந்தது.

நோட்டு பீரோவிலேயே இருக்கட்டும். தெருத் தெருவாக நடங்கள். அங்கன்வாடி டீச்சரையும், ரேஷன் கடைக்காரரையும், பீடிக்கடையில் இலை நிறுத்துப் போடுகிறவரையும் விசாரியுங்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். குடும்ப அட்டை வேறு ஊரில் உள்ள வாடகைக் குடித்தனங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ள நிவாரணமாக அரசு கொடுத்த 6,000 ரூபாய் அட்டையை வைத்துத்தான் கிடைத்தது.

கைப்பிடி அரிசியை அப்படியே அளந்து கொடுப்பது

சமைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி எடுத்து வைத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் அரிசி இது. ஐம்பது வீட்டு அரிசி அதில் கலந்திருக்கும். பொன்னி குழையும்போது ரேஷன் அரிசி விறைத்து நிற்கும். கஞ்சி காய்ச்ச வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஏலம் விட்டு அந்தப் பணத்தில் ஒரே ரக அரிசி வாங்குங்கள்.

படம் எடுப்பது

வேண்டாம்.

பழைய துணி

உங்கள் தங்கச்சி உடுத்துவாளா? மாட்டாளென்றால் வாங்கிப் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் கிறிஸ்துமஸுக்குள் கொடுத்துத் தீர்ப்பது

அந்த வருடம் வெள்ளம் வந்தது பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால். ரொட்டியும் போர்வையும் வந்து குவிந்தன. புது வருட ஆராதனையோடு எல்லாம் ஓய்ந்துவிட்டது. வயலில் மண் மூடினால் பிசானப் பருவ நெல் அறுப்பு இல்லை, அறுப்பு இல்லையென்றால் கூலியும் இல்லை. அந்த வீடுகளில் பானை காலியாவது மாசி, பங்குனியில்தான். வசூலில் பாதியை அந்த இரண்டு மாதத்துக்கென்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். கமிட்டியில் யார் முணுமுணுத்தாலும் சரி.