அகிதா பக்கம் வேலைக்கு வருகிறீர்களா? கரடியையும் கணக்கில் வையுங்கள்

வாடகை வீடு, வங்கிக் கணக்கு, செல்பேசி இணைப்பு பற்றியெல்லாம் டோக்கியோ நண்பர்களே சொல்லிவிடுவார்கள். கரடி விஷயம் அவர்களுக்குத் தெரியாது. வடக்கு ஜப்பானின் அகிதா, இவாதே மாகாணச் சிற்றூர்களுக்கு வருபவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

இங்குள்ளது நெஞ்சில் வெள்ளைப் பிறை கொண்ட ஆசியக் கறுப்புக் கரடி. ஹொக்கைடோவின் பழுப்புக் கரடியைவிடச் சிறியதுதான், ஆனால் சாது அல்ல. 2016-இல் அகிதாவின் கசுனோ பகுதியில் மூங்கில் குருத்து பறிக்கப் போன நான்கு பேரின் உயிர் போனது. 2024 நவம்பர் இறுதியில் அகிதா நகரின் பேரங்காடி ஒன்றில் புகுந்த கரடி இரண்டு நாள் வெளியே வரவில்லை. 2025 இலையுதிர்காலத்தில் பொறிகளைச் சுமக்க ராணுவத்தையே அழைத்தார்கள்.

காட்டில் பீச் (beech; பழம் தரும் peach அல்ல) மரக் கொட்டைகள் காய்க்காத ஆண்டில் கரடி ஊருக்குள் இறங்கும். ஊரிலோ முதியவர்களே மிச்சம். தோட்டங்களில் பறிக்க ஆளின்றிப் பழங்கள் தொங்குகின்றன. உங்களுக்குக் கிடைக்கும் மலிவான பழைய வீட்டின் கொல்லையில் பெரும்பாலும் ஒரு சீமைப் பனிச்சை மரம், அதாவது 'காக்கி' மரம், இருக்கும். புகைப்படத்துக்கு அழகுதான். அக்டோபரில் கரடிக்கு அதுவே பந்தி. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் காய்களை முழுவதும் பறித்துவிடுங்கள், விழுந்ததையும் பொறுக்குங்கள்.

அடுத்தது நம் சமையலறை. மீன் கழிவு, கோழி எலும்பு எதையும் இரவில் வெளியே வைக்காதீர்கள். பையில் கட்டி உறைபெட்டியில் போட்டு, குப்பை எடுக்கும் நாள் காலையில் கொண்டுபோங்கள். அரிசித் தவிட்டைக் கொட்டகையில் வைப்பதும் அழைப்பிதழ் அனுப்புவதுதான்.

அதிகாலையிலும் அந்திப் பொழுதிலும் ஆற்றோரப் புதர்ப் பாதைகளைத் தவிர்க்கவும். காதில் பாட்டு வேண்டாம். பையில் கரடி மணி தொங்கட்டும். ஊர் ஒலிபெருக்கியில் 'குமா', அதாவது கரடி, என்று காதில் விழுந்தால் வீட்டுக்குள் இருங்கள். வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம்: 2025 செப்டம்பர் முதல், குடியிருப்புப் பகுதியிலும் சுட நகராட்சி அனுமதிக்கலாம்.

நேரில் கண்டால் முதுகைக் காட்டி ஓடாதீர்கள். அதன் வேகத்துக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது. பார்வையை விலக்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். குட்டி தெரிந்தால் தாய் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரு கைகளையும் பிடரியில் கோத்துக்கொள்ளுங்கள். முகத்தையும் கழுத்தையும் காப்பதே முக்கியம். முதுகுப்பையைக் கழற்ற வேண்டாம். கரடி ஸ்ப்ரே வாங்கினால் இடுப்பில் மாட்டுங்கள், பைக்குள் இருந்தால் பயனில்லை. தப்பியதும் காவல்துறை எண் 110-ஐ அழையுங்கள்.

முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்ப்பவர்கள், கரடி நடமாட்டம் இருக்கும் நாட்களில் காரில் கொண்டுவிடும்படி மேலாளரிடம் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்நாட்களில் பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோர் காரில்தான் கொண்டுவிடுகிறார்கள்.