விற்றமின் ஈ கிருமியைக் கொல்லாது: மூலிகைக் கிறீம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை தருமபுரத்திலிருந்து ஒரு பிள்ளை வந்திருந்தாள். கையில் ஒரு கண்ணாடிப் போத்தல், உள்ளே வெளிர்பச்சையில் முருங்கையிலைக் கிறீம். மூடியைத் திறந்தால் ஓரத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் நாலைந்து. "அக்கா, விற்றமின் ஈ எட்டுக் குளிசை உடைச்சு ஊத்தினனான். பிறகேன் பூஞ்சணம் பிடிக்குது?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இதே கேள்வியை, கிட்டத்தட்ட இதே சொற்களில், நானும் ஒருகாலத்தில் கேட்டிருக்கிறேன்.

கிளிநொச்சியில் சுயதொழில் பழகும் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் என் பழைய பிழைகள் வேறு முகங்களோடு வந்து முன்வாங்கில் உட்கார்ந்திருக்கும். கையைக் கழுவுங்கள், பாத்திரத்தைச் சுடுநீரில் அவியுங்கள் என்பதெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது.

அன்ரிஒக்சிடன்டை நற்காப்புப் பொருள் என்று நம்புவது

விற்றமின் ஈ ஓர் அன்ரிஒக்சிடன்ட், அதாவது எண்ணெய் காறாமல் காப்பது. நற்காப்புப் பொருள் என்பது கிருமி வளராமல் தடுப்பது. இதை விரிவாகத்தான் சொல்ல வேண்டும். என் காசைத் தின்ற தவறு இது.

அப்போது முள்ளியவளையில் இருந்தேன். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல். வன்னிச் சனம் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக வருவார்கள். வீதியோரத்தில் ஒரு சின்னக் கடை போட இடம் கிடைத்தது. நெல்லிக்காய் அவித்த நீர், முருங்கையிலை நீர், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் குழம்பாக்கும் மெழுகு எல்லாம் சேர்த்து 50 கிராம் டப்பாக்கள் 60 செய்தேன். விற்றமின் ஈ தாராளமாக விட்டேன். 'இரசாயனம் அற்றது' என்று லேபிளில் பெரிய எழுத்தில் அடித்தேன். 43 டப்பா விற்றது. அன்றிரவு காசை இரண்டு தரம் எண்ணினேன்.

ஒன்பதாம் நாள் ஒட்டுசுட்டானிலிருந்து முதல் அழைப்பு. மறுநாள் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய், மகளின் கன்னம் சிவந்து பருப் போட்டிருக்கிறது என்றார். மிஞ்சிய 17 டப்பாவையும் திறந்து பார்த்தேன். 11-இல் பூஞ்சணம் கண்ணுக்கே தெரிந்தது. மற்ற 6-ஐயும் நம்ப முடியாது. பற்றீரியா லட்சக்கணக்கில் பெருகியிருந்தாலும் கிறீமின் நிறமோ மணமோ மாறாமல் இருக்கலாம். யார் யார் வாங்கினார்கள் என்று விசாரித்து, பஸ் ஏறிப் போய்க் காசைத் திருப்பிக் கொடுத்தேன். கடல்நீரில் விளக்கெரியும் கோயில் என்று சனம் நம்பி வருகிற இடத்தில் விற்ற பொருள், பத்து நாள் தாங்கவில்லை.

என்ன நடந்தது? எண்ணெய் காறிப்போவது ஒட்சியேற்றத்தால். காற்றிலுள்ள ஒட்சிசன் எண்ணெய் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தைப் பிடிக்கிறது. ஒன்று கெட்டால் அது பக்கத்திலிருப்பதைக் கெடுக்கும், அது அடுத்ததை. விற்றமின் ஈ நடுவே புகுந்து தன்னிடமுள்ள ஓர் ஐதரசன் அணுவைக் கொடுத்து அந்தத் தொடரை அறுக்கிறது. அதன் வேலை அவ்வளவுதான். நுண்ணங்கிகளுக்கு அதனால் ஒரு இடைஞ்சலும் கிடையாது. அவற்றுக்கு வேண்டியது நீரும் கொஞ்சம் சாப்பாடும். நான் என்ன செய்தேன்? நெல்லியின் சீனியையும் முருங்கையிலையின் புரதத்தையும் நீரில் கரைத்து, வன்னி வெக்கையில் மூடி வைத்தேன். அவற்றுக்குப் பந்தி வைத்ததுபோலத்தான்.

இன்னொரு வேடிக்கை. பாமசியில் விற்கும் குளிசைகளில் இருப்பது பெரும்பாலும் ரொக்கோபெரில் அசற்றேற் என்ற விற்றமின் ஈயின் மாற்று வடிவம். தோலுக்குள் போய்ப் பிரிந்த பிறகுதான் அது வேலை செய்யும். போத்தலுக்குள் இருக்கும் எண்ணெயைக்கூட அது காப்பாற்றாது. வாங்குவதானால் ரொக்கோபெரோல் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 100 கிராம் எண்ணெய்க்கு அரைக் கிராமைத் தாண்டத் தேவையில்லை. மிஞ்சினால் அதுவே ஒட்சியேற்றத்தைத் தூண்டவும் கூடும். தேங்காய் எண்ணெய்க்கு அதுவும் பெரிதாக வேண்டாம். 90 சதவீதத்துக்குக் கிட்ட நிரம்பிய கொழுப்பு, இலேசில் காறாது. நல்லெண்ணெயிலும் இயல்பாகவே சிசமோல் போன்ற காவலர்கள் உண்டு. சூரியகாந்தி எண்ணெய்க்குத்தான் துணை தேவை.

வகுப்பில் இதைச் சொன்னதும் யாராவது ஒருவர் கட்டாயம் எழுந்து கேட்பார்: "எங்கட அம்மம்மா ஒண்டும் போடாமல்தானே தைலம் காய்ச்சினவ? வருசக்கணக்கா இருந்ததே!" இருந்தது, உண்மை. ஆனால் அம்மம்மா என்ன செய்தார் என்று பாருங்கள். சாற்றை எண்ணெயில் விட்டு, கரண்டியில் கல்கத்தை, அதாவது அரைத்த மூலிகை விழுதை, எடுத்து உருட்டிப் பார்த்து, மெழுகு பதம், மணற் பதம் என்று காத்திருந்து, சடசடப்பு அடங்கிய பிறகுதான் இறக்கினார். சடசடப்பு என்பது நீர் போகிற சத்தம். அது நின்றால் தைலத்தில் நீர் இல்லை, நீர் இல்லாத இடத்தில் கிருமி வளராது. நாம் அவருடைய பேரைச் சொல்லிக்கொண்டு, அவர் விரட்டிய நீரைத் திரும்பக் கொண்டுவந்து முக்கால் பங்கு ஊற்றுகிறோம். இந்த 'அந்தக் காலத்தில்' கதையைக் கேட்டால் இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

சரி, வழி என்ன? புதிதாகத் தொடங்குகிறவர்கள் நீர் சேராத பொருளோடு நில்லுங்கள். எண்ணெய், தேன்மெழுகு சேர்த்த தைலக்களிம்பு, உலர்ந்த பூச்சுத்தூள் போதும். காட்டுத் தேன்மெழுகு எங்கள் பக்கம் கிடைப்பதே பெரிய வரம். நீர் சேர்ந்த கிறீம்தான் வேண்டுமென்றால் நற்காப்புப் பொருள் போட்டே ஆகவேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதிலும் ஒரு பள்ளம் உண்டு. மாங்குளத்தில் ஒரு தங்கச்சி நான் சொன்னபடியே சோடியம் பென்சோயேற் என்ற நற்காப்புப் பொருளைப் போட்டாள். அளவும் சரி. ஆனாலும் பூஞ்சணம் வந்தது. புளிப்பா காரமா என்று அளக்கும் பீஎச் தாளை வைத்துப் பார்த்தால் 6-ஐத் தாண்டியிருந்தது. பென்சோயேற் அமில வடிவில் இருக்கும்போதுதான் கிருமியைத் தடுக்கும். பீஎச் 4.2-இல் அதில் பாதி அமில வடிவில் இருக்கும். 5-இல் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. 6-இல் 2 சதவீதம்கூட இல்லை. அதாவது அவள் போட்டதில் 98 பங்கு சும்மா கிடந்தது. பொற்றாசியம் சோர்பேற்றும் இதே சாதிதான், கொஞ்சம் தாராளம். ஆகவே எல்லாம் கலந்து ஆறிய பிறகு பீஎச் பாருங்கள், 5-க்குக் கீழே கொண்டுவாருங்கள். பினொக்சிஎதனோல் என்ற இன்னொரு நற்காப்புப் பொருள் பீஎச்சைப் பெரிதாகப் பார்க்காது. ஆனால் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கரண்டியால் அளக்காதீர்கள், நிறுங்கள்.

'பிரிஜ்ஜில் வையுங்கள்' என்று லேபிளில் எழுதித் தப்பப் பார்ப்பவர்களும் உண்டு. குளிர் வளர்ச்சியை மெதுவாக்கும், நிறுத்தாது. வாங்கிப் போகிற எல்லார் வீட்டிலும் பிரிஜ் இருக்கிறதா என்று ஒருதரம் யோசியுங்கள்.

நெல்லியை எண்ணெயில் ஊறவைத்து விற்றமின் சீ என்பது

விற்றமின் சீ நீரில் கரைவது. நெல்லியின் துவர்ப்புச் சத்தும் அப்படித்தான். 40 நாள் வெய்யிலில் வைத்தாலும் அவை எண்ணெய்க்குள் வந்து குடியேறா. எண்ணெய் எடுத்துக்கொள்வது கரோட்டின் போன்ற நிறச் சத்து, மணம், பிசின், இலையின் பச்சையம். செடியில் எந்தச் சத்து வேண்டும் என்று முதலில் முடிவெடுங்கள், அப்புறம் அது எதில் கரையும் என்று பார்த்து நீரோ கிளிசரினோ அற்ககோலோ எண்ணெயோ எடுங்கள். எனக்குப் பிடித்தது கிளிசரின். உலர்த்திப் பொடித்த நெல்லியை, கிளிசரின் கூடவும் நீர் குறைவாகவும் உள்ள கலவையில் ஊறப்போட்டு வடித்தால் நன்றாக இறங்கும்.

பச்சையம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முருங்கையிலையோ வல்லாரையோ ஊறிய பச்சை எண்ணெயைப் பளிங்குப் போத்தலில் விட்டு, அழகாக இருக்கிறதென்று கடை முன்தட்டில் வெளிச்சம் பட வைக்கிறார்கள். இருட்டில் சும்மா இருக்கும் பச்சையம், வெளிச்சம் பட்டால் ஒட்சிசனை உசுப்பிவிட்டு எண்ணெயை இன்னும் வேகமாகக் காறவைக்கும். காப்பாற்றப் போட்ட இலையே கெடுக்கிறது. கபில நிறப் போத்தல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கடதாசியாவது சுற்றுங்கள்.

இரும்புத் தாச்சியும் கிணற்று நீரும்

நெல்லியை இரும்புத் தாச்சியில் அவித்தால் நீர் கறுக்கும். சத்து இறங்கிவிட்டது என்று சந்தோசப்படுவார்கள். துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் வருவது எழுதுகிற மை, அந்தக் காலத்தில் உண்மையாகவே அப்படித்தான் மை செய்தார்கள். தலைமயிருக்கு அந்தக் கறுப்பு வேண்டுமானால் சரி. முகத்துக்குச் செய்யும்போது இரும்பும் செம்பும் கிட்டவே வரக்கூடாது. இரண்டும் துளியளவு இருந்தாலும் ஒட்சியேற்றத்தைத் துரிதப்படுத்தும். சில்வர்ச் சட்டியோ கண்ணாடியோ எடுங்கள். நீருக்கும் இதே கதைதான். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் கேத்தில் அடியில் வெள்ளைப் படை கட்டுகிற தண்ணீர். காய்ச்சினால் கிருமி சாகும், கரைந்திருக்கும் உலோகம் முழுதாகப் போகாது. காய்ச்சி வடித்த நீர் வாங்குங்கள்.

தேசிக்காய்ச் சாறு

முகத்துக்குச் செய்யும் எதிலும் போடாதீர்கள். தேசிக்காயின் சாறும் அதன் தோலிலுள்ள எண்ணெயும் பட்ட இடத்தில் வெய்யில் பட்டால் சில பேருக்குக் கொப்புளம் போடும், பிறகு கருமை மாதக்கணக்கில் நிற்கும்.

சவர்க்காரத்தில் விலையுயர்ந்த சாறு

கையால் செய்த சவர்க்காரத்தின் பீஎச் 9-க்கும் 10-க்கும் இடையில் நிற்கும். மஞ்சளின் நிறச் சத்தான குர்க்குமின் அந்தக் காரத்தில் சிவந்து, பிறகு மங்கிச் சிதையும். விற்றமின் சீயும் அங்கே பிழைக்காது. தப்பியது ஏதாவது இருந்தாலும் அரை நிமிடத்தில் கழுவுண்டு வாய்க்காலுக்குப் போகும். சவர்க்காரத்தைச் சவர்க்காரமாக நன்றாகச் செய்யுங்கள். ஒருகாலத்தில் சவர்க்காரத்துக்கு வேண்டிய கோஸ்ரிக் சோடாவைப் பரந்தன் தொழிற்சாலையிலேயே செய்தார்கள், வீட்டுக்குப் பக்கத்தில். இப்போது தூரத்திலிருந்து வருகிறதை வாங்கி, அதற்குள் நெல்லிச் சாறும் ஊற்றிக் காசைக் கரைக்கிறோம்.

ஊதா மஞ்சளாகிய பரிசோதனை

ஒரு மாணவி தன் ஆய்வுக்கு என் சாற்றில் கொஞ்சம் கொண்டுபோனாள். அன்ரிஒக்சிடன்ட் வலுவைப் பார்க்கும் டீபீபீஎச் என்ற ஊதாக் கரைசலில் விட்டதும் அது மஞ்சளாக மாறிய படத்தை அனுப்பினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை, லேபிளில் போடக்கூட நினைத்தேன். அந்தப் பரிசோதனை பிழையில்லை. சாறு அந்த மூலக்கூறுக்கு ஐதரசனையோ இலத்திரனையோ கொடுக்கிறது என்று அது காட்டுகிறது. ஆனால் பரிசோதனைக் குழாய்க்குத் தோல் கிடையாது. நமக்கு மேற்தோல் ஒரு மதில். 500 டால்டனை (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) விடப் பெரிய மூலக்கூறு அதைத் தாண்டுவது கடினம் என்பது பொதுவான கணக்கு. துவர்ப்புச் சத்துகளில் பல அதைவிடப் பெரியவை. குழாயில் வென்ற சாறு முகத்தில் சுருக்கத்தை நிறுத்தும் என்று எழுதினால் அது பொய்.

'இயற்கைச் சன்கிறீம்'

சொல்லாதீர்கள். விற்காதீர்கள்.

ஈர விரல்

நீரில்லாத களிம்பையும் ஈர விரலும் ஈரக் கரண்டியும் கெடுக்கும். வாய் ஒடுங்கிய போத்தல் எடுங்கள்.

கையில் பூசிப் பார்க்காமல் முகத்துக்குப் போவது

இலைதானே என்று எண்ணுகிறோம். தொட்டால் அரிக்கும் காஞ்சோன்றியும் இலைதான். முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் பூசி இரண்டு நாள் பாருங்கள். ஒருதரம் காய்ச்சியது ஒத்துப்போனவருக்கு அடுத்த தரம் காய்ச்சியதும் ஒத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். மழைக்குப் பிறகு பறித்த இலையும் ஆடிக் காற்றில் காய்ந்த இலையும் ஒன்றல்ல, சாற்றின் வீரியம் மாறும். என் சொந்தத் தங்கைக்கே வல்லாரை ஒத்துவரவில்லை. நான் வற்புறுத்தித்தான் பூசினாள், கழுத்து முழுக்கச் சிவந்துவிட்டது. அவள் இன்றைக்கும் என்னிடம் ஒரு டப்பாகூட வாங்குவதில்லை. நல்லெண்ணெய்தான் பூசுகிறாள், பார்க்க என்னைவிட நன்றாகத்தான் இருக்கிறாள்.