ஹைப்ரிட் காரில் ஒவ்வொரு பயணத்துக்கும் மைலேஜ் கணக்கு எழுதுவது எப்படி

டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) வாங்கிய புதிதில், காரை நிறுத்தியதும் நான் முதலில் பார்ப்பது மீட்டரில் காட்டும் மைலேஜைத்தான். வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்கு இருபது சொச்சம் கிலோமீட்டர், தினமும் அதே ரோடு, அதே நேரம். ஒரு நாள் 26 காட்டும், மறுநாள் 19. வண்டியில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். நோட்டில் எழுத ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது, கிளம்பும்போது பேட்டரி எவ்வளவு இருந்தது, இன்ஜின் சூடாக இருந்ததா என்று தெரியாமல் ஒரு பயணத்தின் மைலேஜை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

பேட்டரி கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். இந்தக் காரின் பேட்டரி சின்னது, வீட்டு கரண்ட் பில் கணக்கில் சொன்னால் 0.76 யூனிட். அதையும் கார் முழுக்க நிரப்பாது, முழுக்கக் காலியும் செய்யாது, நடுவில் உள்ள பகுதியைத்தான் புழங்கும். அது 0.3 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 9 யூனிட் சக்தி இருக்கிறது, இன்ஜின் வழியாக நமக்கு உருப்படியாகக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3 யூனிட். அப்படியென்றால் பேட்டரியில் ஏறி இறங்குவது சுமார் 100 மில்லி பெட்ரோலுக்குச் சமம். காய்கறி வாங்க 5 கிலோமீட்டர் போய் வருகிறீர்கள், உண்மையில் செலவாக வேண்டியது 250 மில்லி, மைலேஜ் 20. பேட்டரி நிறைந்த நிலையில் கிளம்பி காலியாக வந்து சேர்ந்தால் 150 மில்லிதான் போயிருக்கும், மீட்டர் 33 காட்டும். காலியாகக் கிளம்பி நிரப்பிக்கொண்டு வந்தால் 350 மில்லி, மீட்டரில் 14. ஓட்டியது ஒரே மாதிரிதான்! இதே 100 மில்லி, 100 கிலோமீட்டர் பயணத்தில் சுமார் இரண்டு சதவீதம்தான். அதனால் 10 கிலோமீட்டருக்குக் குறைவான பயணங்களைத் தனித்தனியாக எடை போடாதீர்கள், ஒரு வாரத்துக்குச் சேர்த்துப் பாருங்கள்.

சரி, எழுதுவது எப்படி? மீட்டரில் ட்ரிப் ஏ, ட்ரிப் பி என்று நாமே பூஜ்யமாக்கக்கூடிய இரண்டு கிலோமீட்டர் கணக்குகள் இருக்கும். ட்ரிப் ஏ-வை பங்க்கில் டேங்க் நிரப்பும்போது மட்டும் பூஜ்யமாக்குங்கள், ட்ரிப் பி-யை ஒவ்வொரு பயணத்துக்கும். வந்து சேர்ந்து வண்டியை ஆஃப் செய்வதற்கு முன் மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ராத்திரி நிதானமாக எழுதலாம். என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: செவ்வாய், காலை 8.10, 23.4 கி.மீ., மீட்டர் 22.1, 1.06 லிட்டர், பேட்டரி கோடு 5-லிருந்து 4, இன்ஜின் குளிர், ஏசி 24, ஒருவர், மழை இல்லை.

அந்த 1.06 லிட்டர்தான் முக்கியம். கிலோமீட்டரை மைலேஜால் வகுத்தால் வரும். மைலேஜ் எண்களைக் கூட்டி சராசரி எடுக்கிற தப்பைப் பலரும் செய்கிறார்கள். 30 கிலோமீட்டர் போகும்போது 30 மைலேஜ், அதே 30 கிலோமீட்டர் திரும்பும்போது 15 என்றால் சராசரி 22.5 இல்லை, செலவானது 1 லிட்டரும் 2 லிட்டரும், மொத்தம் 60 கிலோமீட்டருக்கு 3 லிட்டர், அதாவது 20. எப்போதும் கிலோமீட்டரைக் கூட்டுங்கள், லிட்டரைக் கூட்டுங்கள், அப்புறம் வகுங்கள்.

மீட்டர் சொல்வதையும் அப்படியே நம்ப முடியாது, அதற்குத்தான் ட்ரிப் ஏ. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், டேங்க் நிறைந்து பம்ப் முதல் தடவை தானாக நின்றதும் (ஆட்டோ கட்) நிறுத்தச் சொல்லுங்கள். ரவுண்டாக ரூபாய் வர வேண்டும் என்று மேலே ஊற்ற விடாதீர்கள். எனக்கு ஒரு முறை 692 கிலோமீட்டருக்கு 31.4 லிட்டர் பிடித்தது, கணக்குப்படி 22.04. மீட்டர் காட்டியது 23.3. மூன்று நான்கு டேங்க் சேர்த்துப் பார்த்ததில் என் மீட்டர் ஏறக்குறைய ஐந்து சதவீதம் கூட்டித்தான் சொல்கிறது, அதனால் அதன் எண்ணை 0.95-ஆல் பெருக்கிக்கொள்கிறேன். உங்கள் காருக்கு உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

இன்ஜின் குளிரா சூடா என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு. காலையில் முதல் தடவை எடுக்கும்போது பேட்டரி நிறைய இருந்தாலும் இன்ஜின் ஓடும், தன்னையும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சூடாக்கிக்கொள்ள. சின்னப் பயணத்தில் அந்த முதல் சில நிமிடங்களே மைலேஜைத் தின்றுவிடும். பள்ளிக்கூட வாசலில் ஏசி போட்டுக்கொண்டு காத்திருப்பதையும் எழுதுங்கள்: ஏசி பேட்டரியில் ஓடும், பேட்டரி இறங்கியதும் இன்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகும், கிலோமீட்டர் நகராமலே பெட்ரோல் போகும்.

மலைப் பயணத்தை ஏற்றம், இறக்கம் என்று பிரித்து எழுதினாலும், எடை போடுவது இரண்டையும் சேர்த்துத்தான். சேலத்திலிருந்து ஏற்காடு கிட்டத்தட்ட 1200 மீட்டர் உயரம். ஆட்களோடு 1500 கிலோ வண்டியை அங்கே ஏற்ற சுமார் 5 யூனிட் சக்தி வேண்டும், அதற்கு மட்டும் ஒன்றரை லிட்டருக்கு மேல் பெட்ரோல். இறங்கும்போது பேட்டரி சில வளைவுகளிலேயே நிறைந்துவிடும், அதற்கு மேல் பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கிற சக்தியை வைக்க இடமில்லை. இறக்கத்தில் மீட்டர் காட்டும் பிரமாதமான எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வருவதற்கு முந்தைய கணக்கு உங்களிடம் இருந்தால் அதைத் தனிப் பக்கத்தில் வையுங்கள், எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது.

இவ்வளவும் எழுதுவது ஒரே வழித்தடத்தை அதனோடே ஒப்பிடத்தான். போன மாதம் என் சிறுசேரி பயணம் வழக்கமான 1.05 லிட்டரிலிருந்து 1.13, 1.15 என்று எட்டு நாளாக நகர்ந்தது. பேட்டரி கோடு, ஏசி, கிளம்பும் நேரம் எதிலும் மாற்றமில்லை. டயரில் காற்று பார்த்தேன். பின்பக்க இடது டயரில், கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன அளவைவிட 6 பிஎஸ்ஐ குறைவு, உள்ளே சின்னதாக ஒரு ஆணி. பஞ்சர் ஒட்டி காற்றுப் பிடித்த மறுநாள் 1.06.