இல்ஸே வெபரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூதக் கவிஞர் இல்ஸே வெபரைப் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஒரே கதைதான்: நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில், விஷவாயு அறைக்குள், குழந்தைகளை அணைத்தபடி, தான் எழுதிய ‘வீகலா’ தாலாட்டைப் பாடிக்கொண்டே இறந்தார் என்பது. அதை அப்படியே பகிர்வதுதான் பலரும் செய்யும் தவறு. 1944 அக்டோபரில் இளைய மகன் டாமியோடு அவர் அங்கே கொல்லப்பட்டது உறுதி. பாடினார் என்பதோ, அவரைத் தெரிந்த ஒரு கைதி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சொன்ன சாட்சியத்திலிருந்து வந்தது. கதவு மூடியபின் உள்ளே நடந்ததைப் பார்த்தவர் யாரும் உயிரோடு திரும்பவில்லை. ‘பாடியதாகச் சொல்லப்படுகிறது’ என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். எந்தப் பாட்டு என்று அடித்துச் சொல்ல வேண்டாம்.

கதையே பொய் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கடைசி நிமிடம் அவருடைய நாற்பத்தொரு வயது வாழ்க்கையையே விழுங்கிவிடுகிறது, அதுதான் என் மனக்குறை. ‘வதைமுகாம் கவிஞர்’ என்ற அடைமொழியும் இந்தக் கோளாறுதான். 1903இல் விட்கோவிட்ஸில் பிறந்தவர் அவர். இன்று அது செக் நாட்டின் ஆஸ்ட்ராவா நகரத்தின் ஒரு பகுதி. முகாமுக்குப் போவதற்குப் பல வருஷம் முன்பே யூதக் குழந்தைகளுக்கான கதைகளை எழுதி வெளியிட்டிருந்தார். 1929இல் வந்த தொகுப்பில் இருப்பது இல்ஸே ஹெர்லிங்கர் என்ற பெயர், அதாவது திருமணத்துக்கு முந்தையது. நூலகப் பட்டியலில் வெபர் என்று மட்டும் தேடுகிறவருக்கு இந்தப் பாதி கிடைக்காமலே போகலாம். யூதர் என்றதும், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியின் கவிஞர் என்று போட்டுவிடுவதும் உண்டு. அவர் எழுதியது ஜெர்மனில்.

அவர் தாள்கள் எப்படிப் பிழைத்தன என்பதில் இன்னொரு குழப்பம். எல்லாம் ஒரே இடத்தில் கண்டெடுக்கப்பட்டதுபோல் எழுதுகிறார்கள். உண்மையில் இரண்டு வழி. 1942இல் குடும்பம், செக் நாட்டில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டது. அங்கே குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்தபடி எழுதிய கவிதைகளைக் கணவர் வில்லி, கருவிகள் வைக்கும் கொட்டகையில் ஒளித்துவைத்தார். அவரும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டவர்தான், ஆனால் பிழைத்தார். போருக்குப் பிறகு அவற்றை மீட்டார். கடிதங்கள் போன பாதை வேறு. 1933 முதல் லிலியன் என்ற சுவீடிஷ் தோழிக்கு எழுதியவை அவை. பல பத்தாண்டு கழித்து லண்டன் வீடொன்றின் பரணில் கிடைத்தன. கவிதைகள் முகாமுக்குள் எழுதியவை. கடிதங்கள் பெரும்பாலும் வெளியே, நெருக்கடி மெல்ல மெல்ல இறுகிவந்த காலத்தில். இரண்டையும் கலந்து மேற்கோள் காட்டினால், எந்த வரியை எந்த நிலைமையில் எழுதினார் என்பதே தெரியாமல் போய்விடும்.

தேதி இல்லாத கவிதைக்குத் தோராயமாக ஒரு வருஷத்தைப் போடும் அவசரமும் வேண்டாம். மூத்த மகன் ஹானுஷுக்கு எழுதிய கடிதக் கவிதையைப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு முன் இதே நாளில் நீ தன்னந்தனியாக உலகத்துக்குள் புறப்பட்டுப் போனாய் என்று தொடங்குகிறது. பாதுகாப்புக்காக, எட்டு வயதில் அவனை வெளிநாட்டுக்கு ரயிலேற்றியது 1939இல். அப்படியானால் கவிதை 1942, முகாமின் முதல் வருஷம். தாளில் இல்லாத தேதி வரியிலேயே இருக்கிறது.

அப்புறம் ‘வீகலா’. மரணப் பாட்டு என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு கேட்பவர்களுக்கு அதன் சொற்கள் ஏமாற்றமாகவே இருக்கும். நாணல்களுக்கு நடுவே காற்று யாழ் மீட்டுகிறது, நிலா விளக்காக நிற்கிறது, உலகம் அமைதியாக இருக்கிறது, நீயும் தூங்கு என்கிறது. முள்வேலி இல்லை, பசி இல்லை. அதே கவிஞர் தெரேசியன்ஸ்டாட்டில் நடந்து திரிவதைப் பற்றிய பாட்டில் நெஞ்சு ஈயமாய்க் கனக்கிறது என்று நேராகவே சொல்கிறார். துயரத்தைச் சொல்லத் தெரியாமல் இல்லை. நோயில் கிடக்கும் குழந்தையைத் தூங்கவைக்கிற பாட்டில் அதை வேண்டுமென்றே வைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இசைத்தட்டில் கேட்கும் பியானோ, வயலின் எல்லாம் அவர் அமைத்தவை என்று நினைப்பதும் சரியல்ல. அவர் கையில் இருந்தது கிட்டார். சில பாட்டுகள் தாளில் இல்லாமல், பிழைத்தவர்களின் நினைவில் மட்டும் தங்கின. அப்படி ஒன்றை முகாமில் சிறுமியாக இருந்த ஒரு மூதாட்டி 2018இல் ஜெருசலேம் மேடையில் பாடினார். ‘வீகலா’வைப் பகிரும்போது சொல், மெட்டு இல்ஸே வெபர் என்றும், இசைக்கோர்ப்பு யாருடையதோ அவர் பெயரைத் தனியாகவும் போடுங்கள்.